இஞ்சிப் பியரும் சில எண்ணங்களும்

நமது பாடசாலைகளில் அறிவு என்று போற்றப்படுவது பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பட்டதே. கையாற் செய்து, மூக்கால் முகர்ந்து, காதாற் கேட்டுப் பெறப்படும் அறிவைப் ‘பழக்கம்’ என்ற சிறு சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டுக்குமிடையே உள்ள சுவர் இயற்கையானதன்று. உழைப்போரையும் உழைப்பை மேற்பார்ப்போரையும் பிரித்துவைத்த சமுதாயமே அதனை எழுப்பிற்று. இதனை விளக்கப் பெரிய உதாரணங்கள் வேண்டியதில்லை. வீட்டு அடுக்களையில் இரண்டு மூன்று நாளில் ஆக்கப்படும் இஞ்சிப் பியர் போதும்.

இதனை எனக்குக் கற்பித்தவர் என் மனைவியின் தாயார். மலையகத் தோட்டமொன்றிற் பிறந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியில், லயங்களிற் பசி குடியிருந்த காலத்தில், பன்னிரண்டு வயதிற் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கியர் வீட்டு அடுக்களையில் மூன்றாண்டுகள் கழிந்தன. நத்தார்க் காலத்தில் அவ்வீட்டில் இஞ்சிப் பியர் ஆக்குவது வழக்கம். செய்முறை எசமானியின் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. இஞ்சியை இடித்தவரும், போத்தல்களைக் கழுவியவரும், இரவில் எழுந்து மூடிகளைத் தளர்த்தியவரும் இச்சிறுமியே. விருந்தினரின் பாராட்டு மாத்திரம் கொப்பிக்குச் சென்றது. 1977 ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் அவரது பெற்றோர் கிளிநொச்சியிற் குடியேறினர். எசமானரின் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. கொப்பி கடல் கடந்து போயிருக்கலாம். செய்முறையோ இவருடைய கையோடு வன்னிக்கு வந்தது. இன்று வடமராட்சியில் எங்கள் வீட்டில் இருக்கிறது.

செய்முறை மிக எளிது. ஐந்து லீற்றருக்குப் பச்சை இஞ்சி 150 கிராம், சீனி 500 கிராம், தேசிக்காய் நான்கு, பாண் போடுவதற்குப் பயன்படும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. இஞ்சியைத் தோல் நீக்கி, உரலில் இடித்து, இரண்டு லீற்றர் நீரிற் சீனியுடன் கால் மணி நேரம் கொதிக்க வைக்கவேண்டும். இறக்கியபின், முன்னரே கொதிக்கவைத்து ஆற்றிய மூன்று லீற்றர் நீரைச் சேர்த்து, தேசிக்காய்ப் புளியை விடவேண்டும். இளஞ்சூடாக ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி, பானையின் வாயை வெள்ளைத் துணியாற் கட்டி, நிழலில் ஒருநாள் வைக்கவேண்டும். மேலே நுரை திரண்டு, காதை அருகில் வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். அப்போது வடித்துப் போத்தலில் அடைக்கலாம்.

இவ்வளவுதான். ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் மூன்று இடங்களில் இடறுவதுண்டு. அவற்றை விளங்கிக்கொண்டால் நொதித்தல் என்னும் தொழிலின் அடிப்படையையே விளங்கிக்கொண்டதாகும்.

முதலாவது, தூய்மை. கழுவுதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைச் சவர்க்காரமும் நீரும் போக்கும். ஆனால் இனிப்பு நீரை நாடி வருவது ஈஸ்ட் மாத்திரமன்று. புளிக்கச் செய்யும் பற்றீரியாக்களும் அதே உணவுக்காகக் காத்திருக்கின்றன. காற்றும் நாளும் கிடைத்தால் அவை பானத்தை வினாகிரியாக்கிவிடும். ஆதலால் ஆறிய பானத்தைத் தொடும் ஒவ்வொரு பாத்திரமும், அகப்பையும், துணியும் கொதிநீர் கண்டிருக்கவேண்டும். கண்ணாடிப் போத்தலிற் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் அது வெடிக்கும். குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, மெல்ல மெல்லச் சூடாக்குவதே முறை. பிளாஸ்டிக் போத்தல் கொதிநீரிற் சுருங்கும். குழந்தைகளின் பாற்போத்தலைத் தூய்மையாக்க விற்கப்படும் கரைசல் அதற்கு ஏற்றது. உட்புறம் கீறல் விழுந்த போத்தலை விலக்கவேண்டும். கீறலுக்குள் கிருமி ஒளிந்திருக்கும். தூரிகை அங்கு எட்டாது.

இரண்டாவது, வெப்பம். ஈஸ்ட் என்பது தூளன்று, உயிர். நமது விஞ்ஞான பாடநூல் அதனை மதுவம் என்று சொல்லும். ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் அது உற்சாகமாக உழைக்கும். 40 பாகையைத் தாண்டினால் தளரும். 60 பாகையை நெருங்கினால் இறக்கும். மாமியிடம் வெப்பமானி இல்லை. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளியை விட்டுப் பார்ப்பார். “கை பொறுக்காத சூட்டுல போட்டா செத்துப் போயிரும் தம்பி. அதுவும் வேலைக்கு வந்த உசிருதானே” என்பார். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளில் முடியும் வேலை நுவரெலியாவில் மூன்று நாளாகலாம். ஆகவே ‘ஒருநாள்’ என்று நான் மேலே எழுதியதைச் சட்டமாகக் கொள்ளவேண்டாம். நாட்காட்டி தீர்மானிப்பதில்லை, பொருளின் நிலையே தீர்மானிக்கிறது. நுரையையும் மணத்தையும் இரைச்சலையும் கவனிக்கப் பழகுவதே இங்குக் கல்வி.

மூன்றாவது, போத்தல். ஆபத்து இருப்பது இங்கேதான். மதுவம் சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் ஏறக்குறையச் சம நிறையில் வெளிவிடுகிறது. ஒரு கிராம் காபனீரொட்சைட்டு சாதாரண நிலையில் அரை லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். பியர் ஆக்குவோர் நொதித்தல் முற்றாக முடிந்தபின், ஒரு லீற்றருக்கு 6 முதல் 8 கிராம் சீனியை மாத்திரம் சேர்த்து அடைப்பர். அதிலிருந்து வரும் ஏறத்தாழ இரண்டு லீற்றர் வாயுவே போத்தலைத் திறக்கும்போது நுரையாகப் பொங்குகிறது. நமது இஞ்சிப் பியரிலோ லீற்றருக்கு 100 கிராம் சீனி உண்டு. அத்தனையும் அடைபட்ட போத்தலுக்குள் நொதித்தால் 25 லீற்றருக்கு மேற்பட்ட வாயு எழும். எந்தக் கண்ணாடியும் அதனைத் தாங்காது. அளவில் ஏற்படும் மாற்றம் ஒரு கட்டத்திற் குணமாற்றமாகப் பாயும் என்று தத்துவ நூல்களிற் படித்திருக்கிறோம். மூடிய போத்தலில் அப்பாய்ச்சல் கண்ணாடித் துண்டுகளாக வெளிப்படும்.

எனவே தொடங்குவோர் கண்ணாடியை நாடாதிருத்தல் நலம். சோடா அடைத்துவந்த தடித்த பிளாஸ்டிக் போத்தலே பாதுகாப்பானது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டு அடைத்து, காலையும் மாலையும் விரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும். முதலில் நெகிழும்; பின்னர் கல்லைப்போல இறுகும். இறுகியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். குளிரில் மதுவம் அநேகமாக உறங்கிவிடும், ஆனால் இறப்பதில்லை. ஆகவே ஒரு வாரத்துக்குள் அருந்தி முடிக்கவேண்டும். மூடியைச் சிறிது சிறிதாகவே திறக்கவேண்டும். நாள் கூடக்கூட மதுசாரமும் கூடும் என்பதால், முற்ற நொதித்த பானம் சிறுவருக்குரியதன்று.

வாற்கோதுமைப் பியரை வீட்டில் ஆக்குவோருக்கும் அடிப்படை விதிகள் இவையே. இங்கிலாந்தில் வீட்டுப் பியருக்கு இருந்த அனுமதிப்பத்திரத்தை 1963 ஆம் ஆண்டில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டில் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் சாற்றை ஹொப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாக ஆற்றி, ஈஸ்ட் இட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் அங்குள்ளோர் காத்திருப்பர். நீரமானி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பின்பே அடைப்பர். அவசரப்பட்டவரின் போத்தல் அங்கும் வெடிக்கும். இலங்கையிலோ அனுமதியின்றி மது ஆக்குவது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இப்பானங்களின் வரலாற்றில் என்னைச் சிந்திக்கவைத்த செய்தியொன்று உண்டு. 1516 ஆம் ஆண்டில் பவேரியக் கோமக்கள் பியருக்கு ஒரு சட்டம் வகுத்தனர். வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். உண்மையில் வேலை முழுவதையும் செய்யும் மதுவத்தின் பெயர் அதில் இல்லை. அதனை உயிரென அன்று எவரும் அறிந்திலர். 1857 ஆம் ஆண்டு முதல் பாஸ்ச்சர் செய்த ஆய்வுகளே நொதித்தல் உயிர்களின் தொழில் என்பதை நிலைநாட்டின. உழைப்பவர் பெயர் சாசனத்தில் இடம்பெறாமற் போவது மனித சமுதாயத்துக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று போலும்!

இஞ்சிப் பியருக்கும் அத்தகைய ஆய்வாளர் ஒருவர் வாய்த்தார். பழைய ஆங்கில வீடுகளில் இதனை நொதிக்கச் செய்யப் பயன்பட்ட, ‘இஞ்சிப் பியர்ச் செடி’ எனப்பட்ட வெண்ணிறத் திரளை ஆராய்ந்து, அது செடியன்று, மதுவமும் பற்றீரியாவும் கூடிவாழும் கூட்டு என்று 1892 ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வோர்ட் வெளியிட்டார். இவர் நமக்குப் புதியவரல்லர். 1880 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைநோயை ஆராய்ந்தவர் இவரே. அந்நோய்க்குக் காரணமும் ஒரு நுண்ணிய பங்கசே. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கத் தமிழகத்துக் கூலிகள் லயங்களில் நிலையாக இருத்தப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல் ஒருத்தி பம்பலப்பிட்டி அடுக்களையில் இஞ்சி இடித்தாள். வோர்ட்டின் பெயர் நூலில் இருக்கிறது. மாமியின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

இனி நமது மண்ணுக்கு வருவோம். சென்ற ஆண்டு ஆசிரியர் ஒருவர் விடுப்பில் நின்றதால், பதினோராந் தரத்து விஞ்ஞான பாட நேரத்தை நான் கவனிக்க நேர்ந்தது. மாணவர் நொதித்தலைப் பற்றி உரத்து வாசித்தனர். ‘கள்’ என்ற சொல் வந்ததும் வகுப்பிற் சிரிப்பு எழுந்தது. சில கண்கள் பின்வரிசையில் ஒரு மாணவனை நோக்கின. அவனுடைய தந்தை சீவல் தொழிலாளி. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பாடநூலை மூடச் சொல்லிவிட்டு ஒரு வினாவை மாத்திரம் கேட்டேன்: “ஒரே பாளையிலிருந்து வடிவது ஒரு முட்டியிற் கள்ளாகவும் மற்ற முட்டியிற் கருப்பணியாகவும் இருப்பதேன்?” நன்மதிப்பெண் பெறும் எவருக்கும் விடை தெரியவில்லை. நெடுநேரத்துக்குப் பின் அவன் எழுந்தான். “முட்டிக்குள்ளை சுண்ணாம்பு தடவினால் மதுவம் வேலை செய்யாது, சேர். தடவாட்டில் மரத்திலை இருக்கேக்கையே நொதிக்கத் தொடங்கீடும். சுண்ணாம்பு கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. அப்பா கையாலைதான் அளவு பாக்கிறவர்.”

காரத்தன்மையால் நொதித்தலைத் தடுக்கும் இரசாயன முறை அது. அதனைத் தினந்தோறும் காலையும் மாலையும் பனையுச்சியிற் செய்பவரை நாம் எவ்வாறு அழைத்துவந்தோம் என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லவேண்டியதன்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், அறுபதுகளின் போராட்டங்களும் தேநீர்க் கடைகளையும் ஆலயங்களையும் திறக்க உதவின. வகுப்பறையின் சிரிப்பை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மறுவாரம் பெற்றோர் ஒருவர் அதிபரிடம் வந்து, பாடசாலையிற் கள்ளைப் பற்றிப் பேசலாமா என்று முறையிட்டார். நமது வீடுகளில் அப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்கவைப்பது தலைமுறை வழக்கம். கள்ளின் பயன் அடுக்களைக்குள் வரலாம். அதனை இறக்கியவரின் அறிவு வகுப்பறைக்குள் வரலாகாது என்பதே அம்முறையீட்டின் பொருள்.

மதுவைப் போற்றுவதற்காக நான் இதனை எழுதவில்லை. மலையக லயங்களிலும் நமது கரையோரக் கிராமங்களிலும் கூலியின் பெரும்பகுதி மதுக்கடைக்குப் போவதை அறிவேன். அழுக்குப் பீப்பாய்களில் ஒளித்து வடிக்கப்படும் கசிப்பு குடித்தவனை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் அழிக்கிறது. ஆனால் அறியாமை குடியைக் குறைத்ததில்லை. தொழிலை இகழ்வதால் எந்தத் தொழிலாளியின் வீடும் வாழ்ந்ததில்லை.

ஆசிரிய நண்பர்கள் நொதித்தலைக் கற்பிக்கும் நாளில் ஒரு சிறு போத்தலில் இளஞ்சூட்டு நீரும் இரண்டு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் இட்டு, வாயில் ஒரு பலூனை மாட்டிவிடலாம். ஒரு பாடவேளைக்குள் பலூன் எழுந்து நிற்பதைக் காணலாம். இதற்குச் செலவு மிகச் சிறிது, ஆபத்து இல்லை. அத்துடன் அவ்வூரிற் பனையேறும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, மேசையருகே கதிரை இட்டு, அவர் சொல்வதை மாணவர் குறிப்பெடுக்கச் செய்யலாம். எழுதப்பட்டதே அறிவென்றால், எழுதப்படாதோரின் அறிவை எழுதும் கடமை எழுதத் தெரிந்த நமக்குரியது. என் மகளின் கொப்பியில் அவளுடைய அம்மம்மாவின் இஞ்சிப் பியர் செய்முறை இப்போது தமிழில் இருக்கிறது. தலைப்புக்குக் கீழே அவருடைய முழுப் பெயரும் இருக்கிறது.