ஒரு பொய் ரீடிங்

கொஞ்சம் நீளமான பதிவு. என் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யாரென்று கண்டுபிடித்தாலும் கமெண்டில் பெயரைப் போடாதீர்கள்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டு கேட்பதற்கென்றே தனி அறை வைத்திருக்கிறான். ஆளுயர ஸ்பீக்கர்கள், எண்களை ஒலியாக மாற்றும் 'டாக்' என்கிற பெட்டி, அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு பெட்டி. "மாஸ்டர் கிளாக் சார். டாக்குக்கு டைம் மட்டும் கொடுக்கும்" என்றான். கடிகாரம் என்கிறான், முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு சின்ன விளக்குதான். அந்த விலையில் இரண்டு மோட்டார் பைக் வாங்கலாம்.

ஒரு வயலின் ஆலாபனையை முதலில் அந்தப் பெட்டி இல்லாமலும், பிறகு பெட்டியோடும் போட்டான். "வித்தியாசம் தெரியுதா சார்?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். "ஆமாப்பா, தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பேட்ச் பையன் இன்னொருவன் போன் செய்தான். "சார், நீங்களே வித்தியாசம் தெரியுதுன்னு சொன்னீங்களாமே! அப்ப நானும் வாங்கிடுறேன்." இவன் மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்கிறாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊசல் சோதனையில் g கச்சிதமாக 9.8 வந்தாலே, "யாரைப் பார்த்துடா எழுதினே?" என்று ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிந்தவன் நான். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். சிடியில் ஒரு விநாடி இசை 44,100 எண்களாக இருக்கிறது. இந்த எண்கள் சம இடைவெளியில் ஒலியாக மாற வேண்டும். இடைவெளி நடுங்கினால் ஒலி கலங்கும். அந்த நடுக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். அதற்காகத்தான் டாக்குக்குள்ளேயே, ஒலியாக மாற்றும் சில்லுக்குப் பக்கத்தில், ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது.

வெளிக் கடிகாரம் எங்கே அவசியம்? ரெக்கார்டிங் ஸ்டுடியோவில். அங்கே பல டிஜிட்டல் கருவிகள் ஒன்றுக்கொன்று எண்களைக் கொடுத்து வாங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஓடினால், இடையில் ஒரு எண் தவறும், 'டிக்' என்று சத்தம் வரும். நம் பள்ளியில் ஒவ்வொரு வாத்தியாரும் தன் வாட்சைப் பார்த்துப் பாடத்தை முடித்திருந்தால் வராண்டா என்னவாகியிருக்கும்? அதனால்தான் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து ஒரே மணி அடித்தார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு டாக். ஓராசிரியர் பள்ளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து மணி அடிப்பானேன்?

இன்னொன்று. இவன் பெட்டி விநாடிக்கு 1 கோடி துடிப்பு அனுப்புகிறது. 1 கோடியை 44,100ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் போகாது. ஆகவே டாக்குக்குள் இருக்கும் துடிப்பியே அதைப் பின்பற்றி, தனக்கு வேண்டிய துடிப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் வேலை செய்வது உள்ளே இருப்பதுதான். சில பெட்டிகளில் ரூபிடியம் அணுக் கடிகாரமே இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இருப்பதும் அந்த வகைதான். மாதக்கணக்கில் பிசகாமல் இருப்பது அதன் பெருமை. சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலும், ஒரு மணி நேரக் கச்சேரி 0.18 விநாடி முன்னே பின்னே முடியும், அவ்வளவுதான். அதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. காதுக்கு வேண்டியது அந்தந்தக் கணத்தில் நடுங்காமல் இருப்பது. அது வேறு குணம்.

போன ஞாயிறு மறுபடியும் போனேன். போனதும் முதல் வேலையாக, "அன்னிக்கு நான் சொன்னது பொய்யப்பா" என்றேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி சார், சோதனை பண்ணிடலாம்" என்றான். ரிமோட்டை அவன் மனைவி கையில் கொடுத்து, எங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொன்னோம். 20 தடவை. நான் 9 சரி, அவன் 11 சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்வளவு வரும். எனக்கு 71 வயது, மேல்ஸ்தாயி ஒலிகள் பாதி கேட்பதில்லை. ஆகவே என் கணக்கை விடுங்கள். அவன் காது நல்ல காது. ஒரு டாக்கில், ஒரு அறையில் செய்த சோதனைதான் இது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை விற்கப் போவதில்லையாம். "அந்த விளக்கு எரிஞ்சா ஒரு சந்தோஷம் சார்" என்றான். அது அவன் காசு, அவன் சந்தோஷம். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த இன்னொரு பையனை அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், அட்வான்ஸ் நேத்துதான் கொடுத்தேன்" என்றான். திரும்பக் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.