எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

தருமபுரியில் நாவல் வாசிக்கும் வட்டம் ஒன்றை நடத்த நினைப்பவர் முதலில் அப்புறப்படுத்த வேண்டியது மேடையை. மேடை இருந்தால் தலைவர் வருவார். தலைவர் வந்தால் முன்னிலை, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் பின்னாலேயே வரும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த இலக்கியக் கூட்டமும் தொடங்கியதில்லை. ஊரின் பழம்பெயரான தகடூரின் பெருமை பேசி முடித்து நாவலுக்கு வரும்போது இருட்டியிருக்கும். அரூர் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் எழுந்து போயிருப்பார். நாற்காலிகளை வட்டமாகப் போடுவது சின்ன வேலைதான். ஆனால் வட்டத்தில் உட்கார்ந்தவரால் நீட்டி முழக்க முடியாது. எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவது தெரிந்துவிடும்.

அடுத்து வேண்டியது ஒரு கேள்வி: "எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

வட்டம் கூட்டுகிறவருக்கு இதைவிடப் பயன்படும் கருவி வேறில்லை. "ஆசிரியர் இங்கே ஆணாதிக்கத்தைச் சாடுகிறார்" என்று ஒருவர் சொல்கிறார். மறுப்பு வேண்டாம், எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும். புத்தகம் திறக்கப்படும். தேடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தன் பிரதியிலும் தேடுவார். கிடைத்த பத்தியை ஒருவர் உரக்கப் படிப்பார். பாதி சமயம், நினைவிலிருந்தது ஒன்றாகவும் அச்சில் இருப்பது வேறொன்றாகவும் இருக்கும். உண்மையான உரையாடல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை நடந்தது அபிப்பிராயப் பரிமாற்றம். அதற்குத் தேநீர்க்கடை போதும், நாவல் வேண்டியதில்லை.

கதையைக் கூடியிருந்து கேட்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தருமபுரி, சேலம், திருவண்ணாமலை வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பல ஊர்களில் 18 நாள் ஓடி, மண்ணால் துரியோதனனைக் கிடத்திச் செய்த படுகளத்தோடு முடியும். உட்கார்ந்திருப்பவர்களில் கதை தெரியாதவர் எவருமில்லை. கர்ணன் சாவான் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்காருகிறார்கள். மறுநாள் வயல் வரப்பில் நின்று, கர்ணன் துரியோதனனை விட்டு வந்திருக்க வேண்டுமா என்று சண்டை போடுகிறார்கள். முடிவு தெரிந்த கதையை அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதற்காகக் கேட்பது இலக்கிய வாசிப்பில் பாதி. நாவலின் 'சஸ்பென்ஸ்' உடைந்துவிடும் என்று பயந்து விவாதத்துக்கு வர மறுக்கும் நகரத்து வாசகரைவிட, பாரதம் கேட்டு வளர்ந்தவர் இந்த வகையில் தேர்ந்தவர்.

வித்தியாசமும் உண்டு. கூத்தில் எங்கே அழ வேண்டும் என்பதை மிருதங்கமும் முகவீணையும் சொல்லிவிடும். நாவலில் அப்படி யாரும் சொல்வதில்லை. வாசகர் தனியாக இருக்கிறார்; அழுவதா சிரிப்பதா என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்தத் தனிமைதான் நாவலின் முதல் சுகம். வட்டம் அதைக் கெடுக்கக் கூடாது. சேர்ந்து உட்கார்ந்து படிப்பதல்ல வட்டம். தனியாகப் படித்தவர்கள் சேர்ந்து உட்கார்வது.

எந்த நாவலில் தொடங்குவது என்பதில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். உற்சாகத்தில் ஐந்து பாகம் பொன்னியின் செல்வனை எடுப்பார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே படித்தவர்கள், மீதிப் பேர் திரைப்படம் பார்த்தவர்கள், கூட்டம் படத்தைப் பற்றியதாகிவிடும். ஊர்ப்பற்றும் சரியான வழிகாட்டி அல்ல. பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று காலமான சுப்பிரமணிய சிவா 'ஞானபாநு' இதழை நடத்தியவர். 'நளின சுந்தரி' என்று ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். நம்மூர் மண்ணில் அடங்கியவர் என்பதற்காக அதை முதல் கூட்டத்துக்கு வைத்தால் வருவது அஞ்சலிக் கூட்டமாகத்தான் இருக்கும். முதல் நாவல் மெலிதாக இருக்க வேண்டும், முடிவு ஒரே பொருள் தராததாக இருக்க வேண்டும். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஒரே மாலைப் பொழுது. தகப்பனைக் கொன்ற காரி என்ற காளையை அணைய வந்த பிச்சி. காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடிக்கலாம். அணையப்பட்ட காளையை ஜமீன்தார் ஏன் சுட்டார்? கௌரவமா, கோபமா, அதன் மேல் இருந்த பாசமா? இந்தக் கேள்விக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து எருது விடும் விழாவைப் பார்த்து வளர்ந்தவர்கள், காளையைத் தெருவில் ஓடவிடுவதற்கும் திமிலைப் பிடித்து அணைவதற்கும் உள்ள தூரத்தைச் சொல்லத் தொடங்கினால் மதுரைப் பக்கத்து நாவல் இன்னும் கூர்மையாகும்.

இரண்டாவதாக வைக்க வேண்டியது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது. கொங்குப் பேச்சு வழக்கு நாவலுக்குள் துணிந்து நுழைந்த ஆரம்ப காலப் படைப்புகளில் ஒன்று. மொழி தருமபுரிக்காரருக்குச் சற்றே வேறு, ஆனால் காடும் கிணறும் பங்காளிச் சண்டையும் அவருக்கு அந்நியமல்ல. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருக்கிறாள்; பங்கு பிரித்துக் கொடு என்கிறாள்; பின்னாலிருந்து ஊர் ரௌடி கெட்டியப்பன் தூண்டுகிறான்; சின்னப்பன் காட்டில் அடிபட்டுச் சாகிறான். கதை இவ்வளவுதான்.

இதை எடுத்த கூட்டங்களில் பேச்சு ஏறக்குறைய ஒரே பாதையில் போகும். தொடக்கத்தில் ஆண்கள், நாகம்மாள் பேராசைக்காரி, குடும்பத்தைக் கெடுத்தவள் என்பார்கள். "அவ கேட்டது அவ பங்குதானேங்க?" என்று ஒரு பெண் குரல் எழும். உடனே பேச்சு நாவலை விட்டு வெளியே ஓடி, தங்கைக்குப் பங்கு கொடுத்த கதை, கொடுக்காத கதை என்று கிளைவிடும். கூட்டுகிறவர் இந்தக் கிளையைச் சட்டென்று வெட்டக் கூடாது, நெடுநேரம் வளரவும் விடக் கூடாது. அப்போது ஒரு தகவல் கைகொடுக்கும். கணவன் சொத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது 1947இல். நாவல் வெளியானது இந்த இடைவெளியில். நாகம்மாள் கேட்டது நியாயமாக இருக்கலாம். அந்த வருடத்துச் சட்டம் அவள் பக்கம் நிற்கவில்லை. இதைக் கேட்டதும் கூட்டம் கொஞ்சம் அமைதியாகும். ஊரில் உள்ள ரௌடி ஒருவனைத் தவிர அவளுக்குத் துணை ஏன் இல்லை என்ற கேள்வி அதன் பிறகுதான் எழும். உடனே மறுபடியும் பக்கம் தேடல்: அவள் மனத்துக்குள் ஆசிரியர் எத்தனை இடத்தில் போகிறார், எத்தனை இடத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறார்?

தகவல் நாவலுக்குப் பதிலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டத்தை மட்டும் தெரிந்துகொள்ள யாரும் நாவல் படிப்பதில்லை. தான் வெறுக்கும் ஒருத்தியின் அருகில் கதை முடியும்வரை உட்கார வைக்கப்படுவதுதான் நாவல் தரும் அனுபவம். வேறு எந்த ஏற்பாட்டிலும் அது கிடைப்பதில்லை. நிஜ வாழ்வில் நாகம்மாள் வந்தால் கதவைச் சாத்திவிடுவோம்.

பிரதி கிடைப்பது நடைமுறைச் சிக்கல். கிளை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் அதிர்ஷ்டம். பத்துப் பேருக்கு அது சுற்றிவர ஒரு பருவம் ஆகும். நாட்டுடைமையான எழுத்தாளர்களை எடுப்பது இதற்கு ஒரு வழி. ராஜம் கிருஷ்ணன் நூல்கள் அவர் வாழ்ந்த காலத்திலேயே நாட்டுடைமையாயின. நீலகிரி படுகர்களைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' எல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியவை. மதுரைத் திட்டம் போன்ற இலவச மின்னூல் தொகுப்புகளும் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ரயிலில் கைபேசித் திரையில் நாவல் படிக்கிறார்கள். அவர்களிடம் பக்க எண் கேட்டால் மட்டும் தகராறு. அத்தியாய எண்ணும் பத்தியின் முதல் சொல்லும் சொல்லப் பழக்க வேண்டும். தகடூர் புத்தகப் பேரவை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து புத்தகத் திருவிழா நடத்துவதால், அடுத்த சில மாதத்துக்கான நாவல்களை அங்கேயே சேர்த்து வாங்குகிறவர்களும் உண்டு.

பிரதிகளைக் கொண்டே வாசகரைச் சேர்த்த முயற்சி தமிழில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் சென்னையில் தொடங்கிய பதிப்பகத்துக்குப் பெயரே 'வாசகர் வட்டம்'. உறுப்பினர்கள் முன்பணம் கட்டினால் நல்ல கட்டமைப்பில் புத்தகங்கள் வீடு தேடி வரும். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் அப்படித்தான் வாசகர் கைக்குப் போனது. தன் பிறழ்வுக்குப் பிராயச்சித்தமாக மகனை வேத பாடசாலைக்கு அனுப்பிய ஒரு தாயின் கதையை, அக்காலத்துக் குடும்பம் ஒன்றின் கூடத்தில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்தில் கடைசி. மாநிலச் சராசரி 80க்குச் சற்று மேல். இந்த எண்ணைச் சொல்லி, இங்கே நாவலுக்கு ஆள் ஏது என்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தறிவு நூறைத் தொட்ட ஊரிலும் நாவல் வாசகர் சிலரே. தவிர, தமிழின் மிகப் பெரிய நாவல் முயற்சிகளில் ஒன்று இங்கே எழுதப்பட்டிருக்கிறது. 1990களில் ஜெயமோகன் தருமபுரித் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது எழுதியது 'விஷ்ணுபுரம்', 1997இல் வெளிவந்தது. அதற்கு முன் 1992இல் நாவல் என்ற வடிவத்தைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். தமிழில் நாவல் என்று அழைக்கப்படுபவற்றில் பல உண்மையில் குறுநாவல்களே என்பது அதன் வாதங்களில் ஒன்று. அந்த அளவுகோலை ஏற்றால் மேலே சொன்ன 'வாடிவாசல்' நாவல் வரிசையிலிருந்து கழன்றுவிடும். வட்டத்தில் போட்டு அடித்துக்கொள்ள அருமையான விஷயம்.

விஷ்ணுபுரத்தை வட்டத்துக்கு எடுப்பது தனி வித்தை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகள். எண்ணூறு பக்கத்தை ஒட்டிய உடல். கோயில் நகரத்தின் தெருக்களிலும் தாசி வீடுகளிலும் முதல் பகுதி சுழலும். இரண்டாவது தத்துவ விவாதங்கள். மூன்றாவது அழிவு. ஒரே கூட்டத்தில் முடிக்க நினைத்தால் படிக்காதவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். பகுதிக்கு ஒரு கூட்டம், இடையில் இரண்டு மாத அவகாசம் என்று வைத்தால் தாங்கும். இரண்டாம் பகுதியில் ஆள் குறையும். தர்க்க சபைக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டுகிறது என்று வெளிப்படையாகச் சொல்பவரை வட்டம் மதிக்க வேண்டும். அவர் நின்றுபோன பக்கம் எது என்று கேட்டு, அதையே அடுத்த கூட்டத்தின் தொடக்கமாக வைக்கலாம். பௌத்தருக்கும் வைதிகருக்கும் நடக்கும் வாதத்தை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு உரக்கப் படித்தால், கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடுகிறது; கூத்துப் பார்த்த ஊர் அல்லவா. முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் மூன்றாவது கூட்டத்துக்கு அழைப்பு உண்டு. ஆனால் அன்று அவர்கள் கேட்க மட்டும் செய்யலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த விதியை எதிர்த்துச் சண்டை வரும். படிக்காமலே தீர்ப்புச் சொன்னவர்கள் தமிழில் எத்தனை பேர் என்று ஒருவர் பட்டியல் போட ஆரம்பிப்பார். கூட்டுகிறவர் அதற்கு மட்டும் பக்க எண் கேட்காமல் விட்டுவிடுவது நல்லது.