பேராசைப் பொருத்தம்

பழனியைப் பாடும் திருப்புகழ்ப் பாடல்களில், ஊர்ப்பெயர் தொடங்கி ஈறு வரையுள்ள பகுதிகளை மட்டும் திரட்ட விரும்பினோம். 1890களில் ஏடு தேடி அலைந்து அப்பாடல்களை அச்சேற்றிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளையவர்கள் பட்ட பாடு எமக்கில்லை. நூல் முழுதும் கணினியில் ஒரே கோப்பாக இருந்தது. வேண்டுவது தேடுதற்குரிய ஒரு வாய்பாடே. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது அதன் பெயர்.

திருப்புகழ்ப் பாடல்கள் பெரும்பாலும் 'பெருமாளே' என முடிவன. ஆகவே, 'பழனி.*பெருமாளே' என்பதை முதலில் இட்டுப் பார்த்தோம். புள்ளி, ஏதேனும் ஓர் எழுத்து. உடுக்குறி, எத்தனையாயினும் என்னும் கட்டளை. வரிமுடிவையும் எழுத்தாகக் கொள்ளுமாறு முன்னரே பணித்திருந்தோம். விளைந்தது யாது? முதற் பழனியிலிருந்து கோப்பின் கடைசிப் 'பெருமாளே' வரை, இடையிலுள்ள சுவாமிமலை, திருத்தணிகைப் பாடல்களெல்லாம் உட்பட, ஒரே விடை! உடுக்குறி முதலில் கோப்பின் இறுதி வரை அனைத்தையும் விழுங்கிவிடுகிறது. பின்னர், 'பெருமாளே' என்பதற்கு இடம் வேண்டுமே என்று ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பின்வாங்குகிறது. பின்னிருந்து வருவோர்க்குக் கடைசியிலுள்ளதன்றோ முதலில் எதிர்ப்படும்? இதனைப் பேராசைப் பொருத்தம் என்பது தகும்.

உடுக்குறியை அடுத்து ஒரு வினாக்குறி இட்டால் அதன் குணம் மாறிவிடும். ஒன்றும் கொள்ளாது தொடங்கி, தேவைக்கேற்ப ஓரெழுத்தாக முன்சென்று, எதிர்ப்பட்ட முதற் 'பெருமாளே'யில் நின்றுவிடும். 1956இல் கிளீனி உடுக்குறியைக் கணிதத்தில் வகுத்தபோது, ஒரு தொடர் குறித்த கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதே ஆராய்ச்சி. எங்கே நிற்பது என்பதன்று. 1994இல் வெளிவந்த பெர்ல் 5 இவ்வினாக்குறியை வழங்கியது.

நிற்க. பேராசையற்ற பொருத்தம் எப்போதும் மிகக் குறுகிய விடையே தரும் என்று கருதலாகாது. பதிப்பாசிரியர் இட்ட தலைப்பில் 'பழனி' என்றிருப்பின், அங்கிருந்தே பற்றிக்கொண்டு பாடல் முழுவதையும் கொணரும். தொடங்குமிடம் இடப்புறத்து முதலிடமே, அதில் மாற்றமில்லை. சில திருப்புகழ்ப் பாடல்கள் 'தம்பிரானே' என முடியும். அத்தகையது இடைப்படின், அடக்கமுள்ள வினாக்குறியும் எல்லை கடந்து அடுத்த பாடலுக்குள் புகுந்துவிடும். ஆகவே இரண்டு ஈறுகளையும் வாய்பாட்டில் அமைத்தோம். பதிப்புக்குப் பதிப்பு 'பழநி' என்றும் 'பழனி' என்றும் எழுதுவர், அதற்கும் இடந்தந்தோம்.

இனியும் ஒன்றுண்டு. பலரும் பாடும் 'நாத விந்து' மலையடிவாரத்துத் திருத்தலத்தை ஆவினன்குடி என்றே கூறுகிறது. அதுவும் பழனியே என்பதை யந்திரம் எங்ஙனம் அறியும்? அச்சொல்லையும் யாமே சேர்த்தோம்.