அடுத்த ரயிலுக்கு எட்டு மணி நேரம்... மதுரையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஐரோப்பாவில் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு ஊரைப் பார்க்க ஏழெட்டு மணி நேரம்தான் கிடைக்கும். காலையில் கப்பல் கரைதட்டும்; சாயங்காலம் சங்கு ஊதும். அதற்குள் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு ஏறிவிட வேண்டும். இப்படி வந்து போகிற கூட்டத்தைத் தாங்க முடியாத வெனிஸ் நகருக்குள் பெரிய கப்பல்கள் வருவதை 2021-ல் இத்தாலி அரசு தடுத்தது. 2024-ல், பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் கூட்டமான நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் வெனிஸ் நகரம் வாங்கத் தொடங்கியது.

மதுரைக்குக் கப்பல் வராது. ஆனால், அதே அவசரத்தோடு வருகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் ஜங்ஷனில் இறங்குகிறார்கள். ராமேஸ்வரம் போகிற வழியில், கன்னியாகுமரியிலிருந்து திரும்புகிற வழியில், கொடைக்கானல் பஸ்ஸுக்கு முன்னால் என்று கையில் அரை நாள் இருக்கும். பெரும்பாலானவர்கள் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் திட்டமிட்டால், அதே எட்டு மணி நேரத்தில் இரண்டாயிரம் வருஷத்து ஊரை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

வழிப்போக்கர்களுக்கென்றே ஒரு சத்திரம்

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே இருப்பது மங்கம்மாள் சத்திரம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சொல்லி நிற்கிறது. சாலை போட்டு, மரம் நட்டு, வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டியவர் என்று அவரைத் தென்பாண்டிச் சீமை முழுக்க இன்றும் சொல்வார்கள். ஒரு நாள் தங்கிப் போகிறவனை இந்த ஊர் தொந்தரவாக நினைத்ததில்லை என்பதற்கு அந்தச் சத்திரமே சாட்சி. பெரும்பாலானவர்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டோ தேவையே இல்லை. கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர்தான். பையை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிட்டு நடந்தால் போதும்.

தெருவே வரைபடம்

இந்த ஊரில் வழி தவறுவது கஷ்டம். நடுவில் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு அப்பால் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதத்தில் எந்த வீதியில் சாமி புறப்பாடு என்பதை வைத்து வந்த பெயர்கள் இவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். தேர் பெரிதாக இருந்ததால் பழைய வீதியிலேயே ஓடுகிறது.

வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரிவாக்கினார். அந்த வேலையில் உடன் இருந்த சர்வேயர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நிலைத்துவிட்டன. கலெக்டரின் நினைவாக நட்ட விளக்குத்தூணோ பஸ் நிறுத்தத்தின் பெயராகிவிட்டது.

கோயிலுக்குள் கைபேசி இல்லை

மதுரையில் அரை நாள் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத நேரம் பகல் 12.30. அப்போது நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்து, பூட்டிய சந்நிதியைப் பார்த்துவிட்டு ரயிலேறியவர்கள் ஏராளம். எனவே கோயில்தான் முதலில். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் கூட்டமும் குறைவு.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை வந்தது. வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போட்டோ எடுக்க முடியாதே என்று முகம் சுருங்குகிற பிள்ளைகள், பத்து நிமிஷத்தில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறக்குறைய 170 அடி உயரம். அதை எந்தக் கைபேசியிலும் முழுதாக அடக்க முடியாது.

தரிசனம் முடிந்ததும் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போக வேண்டும். தூண்களை எண்ணினால் 985தான் வரும். பெயர் மட்டும் ஆயிரம். வெளியே வந்து கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தையும் பார்க்கலாம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பல தலைமுறையாகத் தையல் மிஷின் சத்தமும் பாத்திரக் கடையும் புத்தகக் கடையுமாக இருந்த இடம். கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, அவை மறைத்திருந்த சிற்பங்கள் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன. அடுத்து நிற்கும் ராய கோபுரம் முடிவு பெறாமலே போன ஒன்று. அதன் அடிக்கல்லின் அகலத்தைப் பார்த்தாலே, கட்டி முடித்திருந்தால் எத்தனை உயரம் வந்திருக்கும் என்று மனசு கணக்குப் போடும்.

மஹாலில் மிச்சம் இருப்பது

அங்கிருந்து விளக்குத்தூண் வழியாக நடந்தால் பத்துத் தூண் சந்து வரும். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்து ராட்சதத் தூண்கள் தலையில் கூரை இல்லாமல் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி அது. இதைப் பார்த்துவிட்டு மஹாலுக்குள் போனால்தான், அரண்மனை எத்தனை பெரிதாக இருந்தது என்பது புரியும். 1636-ல் கட்டியதில் இன்று மிச்சம் இருப்பது ஏறக்குறைய கால் பங்குதான். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை ஏராளம் என்பார்கள். இடிந்து கிடந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு செப்பனிட்டார். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே இரவில் மாறிய உடை

மேல மாசி வீதியில் 251-ஏ என்ற கதவிலக்கம் உள்ள வீடு, பயணத் திட்டத்தில் பெரும்பாலும் இடம் பிடிப்பதில்லை. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்த காந்தி தங்கிய வீடு அது. கதர் வாங்கக் காசில்லாத ஏழைகளை வழியெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர், செப்டம்பர் 22-ஆம் தேதி காலை இந்த மாடியிலிருந்து இடுப்பில் முழத்துண்டோடு வெளியே வந்தார். கடைசி மூச்சு வரை அதுதான் அவர் உடை. அவருக்கும் மதுரை வழியில் ஒரு சிறிய தங்கல்தான். இப்போது கீழ்த்தளத்தில் கதர்க் கடை இருக்கிறது.

அதே காந்தி 1934-ல் மதுரைக்கு வந்தபோது மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக மறுத்துவிட்டார். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லாத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்பது அவர் முடிவு. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் முன்னின்று ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதன் பின் 1946-ல் வந்தபோதுதான் காந்தி சந்நிதிக்குப் போனார். காலையில் நாம் பத்து நிமிஷத்தில் தாண்டி வந்த அந்த வாசலைத் தாண்ட, ஒரு கூட்டம் மக்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்பதை இந்த வீட்டு வாசலில் நின்று நினைத்துப் பார்க்கலாம். வைகைக்கு வடக்கே, ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த வேட்டி இருக்கிறது.

சாப்பாடும் ஷாப்பிங்கும்

காலையில் நாலைந்து சட்னியோடு இட்லி. மதியம் அயிரை மீன் குழம்பு அல்லது கறி தோசை. சைவக்காரர்களுக்கு வாழை இலைச் சாப்பாடு. வெயில் ஏறியதும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கடற்பாசி, மேலே ஐஸ்க்ரீம். சாயங்காலம் தள்ளுவண்டியில் சுக்கு மணக்கும் பருத்திப்பால். கையில் எடுத்துப் போக, புவிசார் குறியீடு பெற்ற இரண்டு இருக்கின்றன. சௌராஷ்டிரர்கள் கைமுடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலை ஒன்று. மதுரை மல்லி இன்னொன்று. மல்லியைக் கிளம்பும்போது வாங்க வேண்டும். ரயில் பெட்டி முழுக்க மணக்கும்.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தால்...

மதிய வெயிலில் கோயில் சாத்தியிருக்கும் நேரம், கீழடிக்குப் போக ஏற்ற நேரம். தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளுக்கு நடுவே 2015-ல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் கட்டடங்கள், உறைகிணறுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் தெரிந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. விடுமுறை நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பானையில் தன் பெயரைக் கீறி வைத்தவர்களின் கையெழுத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படிக்கும்போது பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை, கிழக்கே யானைமலை, வடக்கே அழகர்கோயில், தெற்கே திருப்பரங்குன்றம். இவற்றை ஒரே பகலில் அடைக்கப் பார்ப்பது வீண். அடைத்தால் எதுவும் மனசில் தங்காது. அவற்றை அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பத்தரை மணிக்கு வெளியே வந்தாலும் மாசி வீதியில் தோசைக்கல் சூடாகவே இருக்கும். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை.