எட்டு மீற்றர் திரையும் எங்கள் புரொஜெக்டரும்

சென்ற ஆனி மாதம் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு முடிவு விழாவுக்கு வந்திருந்த எல்லோரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அன்று படம் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது.

படம் எங்கள் பிள்ளைகள் எடுத்தது. 1980களில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஐந்து பேரைச் சந்தித்து, ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களைக் கதைக்க வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். நாற்பது நிமிடம். இதைச் சின்ன ரிவியில் காட்டக்கூடாது, தியேட்டர் மாதிரிக் காட்ட வேண்டும் என்று நாங்கள்தான் நின்றோம். தாய்மார் வெள்ளைத் துணி பொருத்தித் தைத்து, 8 மீற்றர் அகலமும் 4.5 மீற்றர் உயரமுமாக ஒரு திரை செய்து தந்தார்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் அதைக் கட்டினோம். இரவு ஒன்பது மணிக்குப் படம்.

இங்கே புதிதாக வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் புதினமாக இருக்கும்: எங்கள் பகுதியில் வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி நடுப்பகுதிக்குப் பிறகும் சூரியன் மறைவதில்லை. ஒன்பது மணிக்கு வெயில் மண்டபத்தின் மேல் யன்னல்களால் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. திரைச்சீலைகள் மெல்லியவை. எட்டு மீற்றர் துணியில் புகை போல ஏதோ அசைந்தது. "தெரியேல்லை, லைற்றைப் போடுங்கோ" என்று பின்னால் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழும்பிப் போய் லைற்றையும் போட்டுவிட்டார். இருந்த புகையும் போயிற்று.

முன் வரிசையில் இருந்த மூத்த அம்மா ஒருவர் அந்தப் படத்தில் பேசியவர். அவருடைய கணவரின் பழைய படம் ஒன்று, ஊரில் அவர்களுடைய கடை வாசலில் எடுத்தது, திரையில் வரும் இடத்துக்காகவே அவர் காத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கண் நல்லா மங்கிப் போச்சுப் போலை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். அவர் கண்ணில் பிழை இல்லை, பிழை எங்களுடையது என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. அடுத்த கிழமை கண் வைத்தியரிடம் போக மகளிடம் நாள் கேட்டிருக்கிறார்.

குடும்பத்துக்கு 300 குரோணர் சேர்த்துத்தான் அந்தப் புரொஜெக்டரை வாங்கியிருந்தோம். இன்னும் வேலை கிடையாத குடும்பங்களும் தந்தன. பெட்டியில் 9,000 லூமன் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. லூமன் என்பது கருவி வெளியே விடும் ஒளியின் அளவு. பெரிய எண் நல்லது என்பதற்கு மேல் அன்று எங்களுக்கு எதுவும் தெரியாது. மின்சார வேலை செய்யும் எங்கள் தம்பி ஒருவர் ஒளி அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். இருட்டறையில் 2 மீற்றர் அகலத்துக்கு வெறும் வெள்ளைப் படம் விழுத்தி, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்கினோம். முறையான அளவு எடுப்பதும் இப்படித்தான். வந்த விடை 250 லூமனுக்கும் குறைவு. பெட்டியில் இருந்தது ஆன்சி அளவுமல்ல, ஐஎஸ்ஓ அளவுமல்ல. வெறும் எண். இந்த இரண்டு சொற்களில் ஒன்றாவது இல்லாத லூமனை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

பிறகு கொப்பியும் பென்சிலுமாக இருந்து கணக்குப் பார்த்தோம். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வைத்திருக்கும் அளவு, திரையின் வெள்ளை ஒரு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா ஒளிர வேண்டும் என்பது. சாதாரண வெள்ளைத் திரையில் அதைப் பெற, சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 லூமன் விழ வேண்டும். எங்கள் திரை 36 சதுர மீற்றர். ஆகவே 5,400 லூமன். நாங்கள் வைத்திருந்தது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அகலத்தை இரட்டித்தால் உயரமும் இரட்டிக்கும், பரப்பு நாலு மடங்காகும், அதே கருவியின் ஒளி காற்பங்காக மங்கும். 4 மீற்றர் திரைக்கு 1,350 லூமனே போதும் என்று அன்றே தெரிந்திருந்தால் துணியைப் பாதியாக மடித்திருப்போம். தைத்த தாய்மார் விட்டிருப்பார்களோ தெரியாது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நல்ல இருட்டுக்கு. புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது ஒளி விழாத இடம்தான். யன்னல் வெளிச்சம் திரையில் 50 லக்ஸ் விழுந்தால் அதுவே உங்கள் கறுப்பு. 150 லக்ஸ் தரும் நல்ல கருவி வைத்தாலும் வெள்ளை 200, கறுப்பு 50, நாலுக்கு ஒன்று. யன்னலை மூடி அந்த 50ஐ 5 ஆக்கினால் அதே கருவி முப்பதுக்கு ஒன்று காட்டும். பத்தாயிரம் லூமன் கருவி வாங்கி யன்னலைத் திறந்து வைப்பதைவிட, கறுப்புத் துணி எவ்வளவோ மலிவு. இதை ஒரு விற்பனையாளரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்களில் ஒருவர் ஊர்ச் சினிமாத் தியேட்டரையே வாடகைக்கு எடுப்போம் என்றார். நோர்வேயில் பல தியேட்டர்கள் நகரசபைக்குச் சொந்தமானவை; 2011இலேயே நாட்டின் தியேட்டர்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. படம் வடிவாகத் தெரியும், உண்மை. ஆனால் அங்கே றோல்ஸ் பொரிக்க முடியாது, பிள்ளைகள் ஓடித் திரிய முடியாது, படம் முடிந்தபின் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைக்கவும் முடியாது. எங்கள் சனத்துக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் விழா.

ஆகவே தேடினோம். கடைக்காரர் எல்லோரும் 4கே பற்றியே பேசினார்கள். 8 மீற்றரில் 1,920 புள்ளி என்றால் ஒரு புள்ளி ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். பதினைந்து மீற்றர் தள்ளி இருப்பவருக்கு அது தெரியாது. முன்னால் நிலத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. அடுத்தது லேசர், 20,000 மணித்தியாலம் உழைக்கும் என்றார்கள். நாங்கள் வருடத்துக்கு நாலு தரம், தரத்துக்கு மூன்று மணித்தியாலம் பாவிப்போம். அந்தக் கணக்கில் அது ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு மேல் உழைக்கும். எங்களுக்கு விளக்குப் போட்ட பழைய கருவியே காணும், விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்று பார்த்து வாங்கினால்.

கடைக்குப் போகும்போது எங்கள் படத்தையே கொண்டுபோனோம். ஒரு கருவியில் வெள்ளை கண்ணைப் பறித்தது, ஆனால் கூறைச்சேலையின் சிவப்பு செங்கட்டி நிறமாக வந்தது. நிறச்சக்கரம் சுழலும் ஒற்றைச் சில்லுக் கருவிகள் சிலவற்றில் வெள்ளையைக் கூட்ட ஒரு வெறும் துண்டு வைப்பார்கள். அதனால் வெள்ளை ஏறும், நிறம் அந்த அளவுக்கு ஏறாது. மூன்று தகடு உள்ள கருவியில் சிவப்பு சிவப்பாக வந்தது.

கடைசியில் மேடை வாடகைக்கு விடும் ஒருவரிடமிருந்து, பாவித்த 7,000 லூமன் கருவி ஒன்றை, இரண்டாம் முறை சேர்த்த காசுக்குள் புது விளக்கோடு வாங்கினோம். வில்லை தூரத்தை அகலத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் வரை சரிசெய்யக்கூடியது. ஆகவே சனத்தின் நடுவில் வைக்காமல், கடைசிக் கதிரைக்குப் பின்னால் வைக்கலாம். வில்லையை மேலும் கீழும் நகர்த்தவும் முடியும். இது இல்லாவிட்டால் கருவியைச் சரித்து வைத்து, படத்தை இழுத்து நிமிர்த்த வேண்டும், அடியில் வரும் நோர்வேஜிய எழுத்துகள் பிசகும். திரையின் அடி விளிம்பை ஒன்றரை மீற்றர் உயர்த்திக் கட்டினோம். சமதரை மண்டபத்தில் முன்னால் இருப்பவரின் தலை அந்த எழுத்துகளைத்தான் மறைக்கும். எங்கள் திரையில் அளந்தபோது 5,600 லூமன் வந்தது.

இன்னொன்று. பிள்ளைகளின் படம் எங்களுடையது. கருவி வந்துவிட்டதே என்று, வீட்டில் பார்க்க வாங்கிய சினிமாப் படத்தை மண்டபத்தில் போட முடியாது. அதற்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். கேட்டு வந்த சிலருக்கு இல்லை என்று சொன்னோம், கோபிக்க வேண்டாம்.

தைப்பொங்கலுக்குப் படத்தைத் திரும்பப் போட்டோம். அந்த நாட்களில் இங்கே பகலிலும் இருட்டு, யன்னல் பிரச்சினை இல்லை. அந்த அம்மா மகளோடு ஒஸ்லோவுக்குப் போய்விட்டிருந்தார். அந்தப் படத்துக்காகவே விமானம் ஏறி வந்தார். கடை வாசல் வந்தபோது பிள்ளைகள் அதை வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி வைத்தார்கள். அவர் கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். பிறகு, "அதிலை ஒரு புள்ளி விட்டிட்டான் பெயின்ரர், கடைசி மட்டும் திருத்தேல்லை" என்றார்.

வருகிற ஆனி விழாவும் அதே மண்டபத்தில்தான். கறுப்புத் துணி வாங்கியாகிவிட்டது, இன்னும் இரண்டு மேல் யன்னலுக்குத் தைக்க வேண்டும். தையல் மெசின் உள்ளவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் எங்களைச் சந்தியுங்கள்.