பெரம்பூர் ரயிலில் யாழ்ப்பாணம் வரை ஒரு வாக்குவாதம்

பெரம்பூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ரத்தத்தில் ஊறியது. ஒன்று ரயில். இன்னொன்று அரசியல் பேச்சு.

1856-ல் மெட்ராஸ் ரயில்வே இங்கே பட்டறை போட்டது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு வந்து ஐ.சி.எஃப். தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்ததும் இங்கிருந்துதான். பேச்சுக்கும் குறைவில்லை. பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். பேப்பர் மில்ஸ் ரோடு டீக்கடை ஒன்றில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். கறுப்பு சிவப்பு கரை வேட்டி, நடுவில் வெள்ளை சேர்ந்த கரை வேட்டி, சிவப்புத் துண்டு மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தினசரியைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருக்கும். பேச்சு முற்றும். ஆனால் டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் மட்டும் சண்டை வராது. முதல்நாள் கொடுத்தவர் மறுநாள் கொடுக்க வேண்டாம்.

இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்க நான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை ஓடும் டீசல் ரயில்களில் சில நம் ஐ.சி.எஃப்.பில் செய்தவை. இந்தியா கொடுத்த கடன் உதவியில் இலங்கை வாங்கியது. 2019 ஜனவரியில் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது. 'நம்ம ஏரியா வண்டி' என்ற பெருமையில் அதில் ஏறினேன். 2025 பிப்ரவரி மூன்றாம் வாரம். புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, நிதியமைச்சராகவும் தானே இருந்து, தன் முதல் பட்ஜெட்டை 17-ம் தேதி வாசித்திருந்தார். ஆக, பெட்டி முழுக்க ஒரே பேச்சுதான்.

(இந்தப் பாதையில் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இருக்கை முன்பதிவு ஒரு மாதம் முன்பே திறக்கும், கடைசி நேரத்தில் போனால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். ரயிலில் கூடையோடு வருகிற இறால் வடையைத் தவற விடாதீர்கள்.)

எதிரே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். யாழ்ப்பாணத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர்களை ஆயுள் முழுக்க 'மாஸ்டர்' என்றுதான் அழைப்பார்கள்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாஸ்டர் 'வீடு', அதாவது தமிழரசுக் கட்சி. அவர் பக்கத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் இளைஞர். அவர் 'திசைகாட்டி', ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி. அநுராதபுரத்தில் ஏறிய அரிசி வியாபாரி ஒரு முஸ்லிம் பெரியவர். சஜித் பிரேமதாசவின் 'தொலைபேசி'. ஜன்னலோரம் கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலகப் பணி செய்யும் ஓர் அம்மா. அவர் மட்டும், "நான் ஆருக்குப் போட்டனெண்டு சொல்ல மாட்டன்" என்று முதலிலேயே கதவைச் சாத்திவிட்டார்.

இலங்கையில் யாரும் கட்சிப் பெயரைச் சொல்வதில்லை, சின்னத்தைத்தான் சொல்கிறார்கள். வீடு, சைக்கிள், தொலைபேசி, காஸ் சிலிண்டர், திசைகாட்டி. தெரியாமல் கேட்டால் ஏதோ பாத்திரக் கடையில் பேரம் நடக்கிறது என்று நினைப்பீர்கள்.

மாஸ்டர்தான் தொடங்கினார். "தம்பி, தேர்தலுக்கு முன்னம் உங்கட ஆள் என்ன சொன்னவர்? ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தைத் திருத்துவம் எண்டவர். இப்ப ரணில் போட்ட கோட்டிலதானே வண்டி ஓடுது?"

நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள், கோத்தபய நாட்டைவிட்டு ஓடினார். அந்த செப்டம்பரில் விலைவாசி ஒரே ஆண்டில் 70 சதவிகிதம் அளவுக்கு ஏறியிருந்தது. அடுத்து வந்த ரணில் விக்கிரமசிங்க 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப்.பிடமிருந்து நான்கு ஆண்டுகளில் சுமார் 300 கோடி டாலர் பெறும் ஏற்பாட்டை முடித்தார். விலைவாசி அடங்கியது, வரி ஏறியது. அந்தக் கோபத்தில்தான் 2024 செப்டம்பரில் அநுர ஜெயித்தார். அதுவும் 42 சதவிகித ஓட்டு மட்டுமே வாங்கி, அந்நாட்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணி.

இளைஞரிடம் பதில் தயாராக இருந்தது. "ஓம் மாஸ்டர், அதே கோடுதான். ஆனா டிரைவர் வேற. முந்தியவை வண்டியில இருந்த டீசலையே வித்தவை."

பெட்டியில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருடைய சந்தேகம் பட்ஜெட்டோடு முடிகிற ஒன்றல்ல. அநுரவின் தாய்க்கட்சியான ஜே.வி.பி. 1971-லும் 87-89-லும் ஆயுதம் ஏந்தியது. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்தது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்ததை எதிர்த்து நீதிமன்றம் போய் 2006-ல் பிரித்தும் வைத்தது. "கணக்குப் பாடத்தில பாஸ் பண்ணினா வரலாற்றுப் பாடத்தில மார்க் போட ஏலுமோ?" என்றார். வாத்தியார் கேள்வி! இளைஞர் ஒரு நிமிஷம் பேசவில்லை.

அப்புறம் மெதுவாக, "மாஸ்டர், வரலாற்றை நான் மறக்கேல்லை. எங்கட அண்ணா ஏஜென்சிக்குக் காசு கட்டி கனடா போயிட்டார். நானும் பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கிறன். ஒரு வருசம் பாப்பம் எண்டு அம்மாட்ட சொல்லியிருக்கிறன்" என்றார். அதற்குமேல் அவர் கட்சிப் பேச்சு பேசவில்லை. பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை மூன்று இடத்திலும் தொழிற்பேட்டை வரும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்றாவது எழும்பினால் வெல்டருக்கு வேலை உண்டு. இல்லையென்றால் கனடா.

ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தது சுமார் 27 ஆயிரம் ஓட்டு, நாலாவது இடம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவர் கட்சிக்கு 80 ஆயிரத்துக்கு மேல். ஆறு இடங்களில் மூன்று. தமிழ்க் கட்சிகள் ஆடிப்போயின. இதை அரசியல் நிபுணர்கள் பல மாதிரி விளக்குகிறார்கள். எனக்கு அந்த வெல்டர் தம்பியின் முகம்தான் விளக்கமாகப் பட்டது. அவர் கொடுத்திருப்பது கைமாத்துக் கடன். தவணை ஒரு வருசம்.

அரிசி வியாபாரிக்கு இந்த வரலாறெல்லாம் ஓடவில்லை. "நாட்டு நிலவரம் அரிசி மூட்டையில தெரியும் தம்பி" என்று ஆரம்பித்தார். டிசம்பரில் அரசாங்கம் நாடு அரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. (இலங்கை ரூபாய். நம் காசில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு.) அந்த விலைக்கு ஆலையிலிருந்தே சரக்கு வரவில்லை என்பது அவர் புகார். "விலைய எழுதிப் போடுறது லேசு. பெரிய மில்காரன எழுந்திரிக்கச் சொல்லுறதுதான் கஷ்டம். ஏலும் எண்டா செஞ்சு காட்டட்டும், அடுத்த முறை நானும் திசைகாட்டிதான்."

"நானா, அரிசியை விடுங்க, உப்பே இல்லையே!" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். உண்மைதான். சுற்றிலும் கடல் உள்ள தீவு, மழை கெடுத்ததால் அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் தீவு முழுக்க மின்சாரம் போனது. அமைச்சரே குரங்கைக் காரணம் சொல்லிவிட்டார். "அரசாங்கத்துக்கு எதிர்க்கட்சி தேவையில்லை, குரங்கு காணும்" என்று மாஸ்டர் சொன்னபோது திசைகாட்டித் தம்பிதான் அதிகம் சிரித்தார்.

அதுவரை பேசாமல் இருந்த ஜன்னலோர அம்மா அப்போதுதான் கைப்பையைத் திறந்தார். செல்போனில் டிசம்பர் மாத மின்சார பில், ஜனவரி மாத பில் இரண்டும் படமாக இருந்தன. ஜனவரி 17 முதல் மின்கட்டணத்தை சராசரியாக 20 சதவிகிதம் குறைத்திருந்தார்கள். "இது குறைஞ்சது உண்மை. நான் பொய் சொல்லேல்லை. ஆனா தேங்காய் ஒண்டு இருநூறைத் தாண்டிட்டுது. பில்லில மிஞ்சினதைத் தேங்காய் கொண்டுபோகுது." அரசு ஊழியரின் குறைந்தபட்சச் சம்பளத்தை 24,250-லிருந்து 40,000 ஆக்குவதாகப் பட்ஜெட் சொல்கிறது. அதுவும் ஒரே நாளில் இல்லை, மூன்று ஆண்டுகளில் பிரித்து. "கையில வரட்டும். வந்த பிறகு ஆருக்குப் போட்டனெண்டு சொல்லுறன்."

நான் வந்த ஊரைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. 2022-ல் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும். மே 18 அன்று நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் முதல் கப்பல் போனது. மொத்தம் 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள். "அந்த நேரம் பால்மா கண்ணில காணேல்லை. மகளுக்கு அப்ப மூண்டு வயசு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பெட்டியில் சற்று நேரம் யாரும் சின்னம் எதையும் உச்சரிக்கவில்லை.

இந்த ரயில் பெரம்பூரில் செய்தது என்று நான் சொன்னதை வெல்டர் தம்பி பிடித்துக்கொண்டார். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? வெல்டருக்கு என்ன சம்பளம்? வெளிநாட்டுக்காரரை எடுப்பார்களா? பெருமையடித்துக்கொள்ள நல்ல வாய்ப்புதான். ஆனால் அப்ரென்டிஸ் பயிற்சி முடித்துவிட்டு நிரந்தர வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் நிறைய உண்டு என்பதையும், ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த பின்னி மில் 1996-ல் மூடியே போனதையும் சேர்த்துத்தான் சொன்னேன். "அப்ப உங்கட ஊரிலயும் ஆக்கள் பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கினமோ?" என்றார். வளைகுடா போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றேன்.

வவுனியா தாண்டி ஓமந்தை. போர்க்காலத்தில் இங்கேதான் சோதனைச் சாவடி. 1990-ல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. மாகோவிலிருந்து ஓமந்தை வரை தண்டவாளத்தை இந்தியாவின் இர்கான் நிறுவனம் புதுப்பித்திருக்கிறது. வண்டி ஆட்டம் இல்லாமல் போகிறது. கிளிநொச்சியில் அந்த அம்மா இறங்கினார். ஆனையிறவில் இருபுறமும் வெள்ளை வெளேரென்ற நீர்ப்பரப்பு, உப்பளம், வெயில். நின்று பார்க்கத் தோன்றும். ரயில் நிற்கிற நேரம் போதாது.

அந்த உப்பளத்துக்கும் பிறகு ஒரு கதை வந்தது. மார்ச் கடைசியில் ஆனையிறவு உப்பை 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயரில் பாக்கெட் போட்டு அரசாங்கம் வெளியிட, வடக்கில் கொதித்தார்கள். பெயரை 'ஆனையிறவு உப்பு' என்று மாற்ற வேண்டியதாயிற்று. பொருளாதாரத்தில் நல்ல வேலை செய்தாலும் இங்கே பாக்கெட்டின் பெயரையும் பார்ப்பார்கள். மே மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாநகர சபையில் தமிழரசுக் கட்சி மறுபடி முதலிடத்துக்கு வந்தது. மாஸ்டருக்கு அன்று நிச்சயம் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கூட்டம் இறங்கியது. பட்ஜெட்டில் யாழ்ப்பாண நூலகத்துக்குப் பத்துக் கோடி ரூபாய் ஒதுக்கியிருந்ததை மாஸ்டர் கடைசி நிமிஷத்தில்தான் ஒப்புக்கொண்டார். 1981-ல் எரிக்கப்பட்ட நூலகம் அது. "அதில குறை சொல்ல மாட்டன். புத்தகம் வந்தாப் போய்ப் பாப்பன்." அவருடைய பெட்டியைத் தம்பிதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

நான் கடைசி நிலையம் வரை போனேன். காங்கேசன்துறையில் இறங்கினால் கடல் பத்து நிமிட நடை. நாகப்பட்டினத்துக் கப்பல் வந்து சேரும் துறைமுகமும் இங்கேதான். அதற்கு முன்னால் கண்ணில் படுவது சிமென்ட் தொழிற்சாலை. 1990-லிருந்து ஓடவில்லை. பின்னி மில்லைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதைத் தெரியும். கூரை போன கொட்டகை, உள்ளே வளர்ந்த மரம், வாசலில் ஒரு காவலாளி.

"திறக்குமா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் திறக்கும்" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்த முறை சொன்னவர் புது ஆள். அதால ஒருக்காப் பாப்பம் எண்டு இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு, கீரிமலைக்குப் போவதானால் முந்நூறு ரூபாய் கூட ஆகும் என்றார்.