பாட்டனார் வழி வந்த துவக்கு

எமது கல்லூரித் தமிழ் மன்றத்திலே, மாணவராயிருந்த காலத்தில், நாம் நிகழ்த்திய முதற் சொற்பொழிவைப் பழைய மாணவருட் சிலர் இன்னும் மறந்திரார். ‘எமது பாட்டனாரின் துவக்கு’ என்பது அதன் தலைப்பு. கரகோஷம் மண்டபத்தை நிறைத்தது. ஆயின், அச்சொற்பொழிவிலே ஒரு பெரும் பிழை இருந்தது. அதனைத் திருத்திக்கொள்ள இவ்விழா மலரினுந் தக்க இடம் எமக்கு வாய்க்காது.

அன்று நாம் கூறிய கதை இது. பாட்டனார் சீனன்குடா எண்ணெய்க் குதங்களிலே தொழில் புரிந்தவர். 1942 ஏப்பிரில் 9ஆம் நாட் காலை ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின்மீது மோதி எரிந்தது. அவ்வேளை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தம் சுழல் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டனர் என்றும், காயமுற்ற அவரைப் பாட்டனார் தோளிற் சுமந்து காத்தனர் என்றும், அந்நன்றிக்காக அவர் அத்துவக்கையே ஈந்தனர் என்றும் உறவினர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்.

துவக்கை நாம் கண்டதில்லை. பாட்டனார் தமது முதுமையிலே அதனை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். எமக்கு வந்தவை அதற்கான பற்றுச்சீட்டும் ஒரு தாளுமே. 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்தவை யாவும் போயின. அம்மாவின் சேலைப் பெட்டிக்குள் இருந்தமையால் இவ்விரண்டும் தப்பின. அனுமதிப்பத்திரத்துக்கு விபரம் வேண்டப்பட்டபோது, பாட்டனார் துவக்கின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரைத்து, அதிற் பொறித்திருந்தவற்றைப் படியெடுத்திருக்கிறார். ஆங்கிலம் அறியாதவர் கண்ட உபாயம் அது. கல்வெட்டாய்வாளர் செய்வதும் ஏறக்குறைய அதுவே அன்றோ!

சென்ற ஆண்டு அத்தாளைப் படம் பிடித்து, இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்பினோம். பழம் படைக்கலங்களை நன்கறிந்தவர் அவர். விடை விரைவில் வந்தது. மேலே முடி, அதன்கீழ் என்பீல்ட் என்னும் பெயர், பின்னர் இலக்கம் 2, மார்க் 1, அருகே ஒரு நட்சத்திரக் குறி. பிரித்தானியப் படையினர் 1932இல் ஏற்றுக்கொண்ட, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழல் துப்பாக்கி அது. நட்சத்திரக் குறியோ 1938இல் வந்த மாற்றத்தைக் காட்டுவது. சுத்தியலின் பின்புறக் கொம்பு எங்கேனும் சிக்காதவாறு அகற்றப்பட்ட வகை. இதனைத் தந்தையாரிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். “அதனாற்றான் சிறுவயதில் நாங்கள் அதை மொட்டைத் துவக்கு என்போம்” என்றார்.

அடையாளம் ஐயமற விளங்கிற்று. ஆனால், எல்லாவற்றுக்கும் கீழே நான்கு இலக்கங்கள் இருந்தன: 1943. அது செய்யப்பட்ட ஆண்டு. சீனன்குடாவிலே குண்டு வீழ்ந்த நாளில் அத்துவக்கு பிறந்திருக்கவே இல்லை!

நாம் நாணினோம். எத்தனை வகுப்புகளில் அக்கதையை எம் மாணவருக்குச் சொல்லியிருக்கிறோம்! சான்று எம் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது, நாம் படிக்கவில்லை. ஏடுகளைப் பிழையறப் படிக்குமாறு பிறரை வற்புறுத்தும் ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் வேறு தண்டனை வேண்டுமோ?

தந்தையாரை மீண்டும் வினவினோம். பாட்டனார் தம் வாயால் அக்கதையை ஒருபோதும் சொன்னதில்லை என்றார். கேட்டபோதெல்லாம் அவர் கூறியது ஒன்றே: “அன்றைக்கு நாங்கள் காட்டுக்குள் ஓடினோம், தம்பி.”

வீரக்கதையை உறவினர் கட்டினர், மேடையேற்றியவர் நாம். பாட்டனாரோ உண்மையையே சொல்லிச் சென்றார். குண்டுமழையில் ஓடித் தப்பிய அத்தொழிலாளியின் வழித்தோன்றலாயிருப்பதில் எமக்கு யாதொரு குறைவும் இல்லை. 1990இல் நாமும் ஓடியவர்களே.

அன்று கைதட்டிய அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. அவர்தம் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய தாள்கள் இருக்கலாம். கதையைச் சொல்லுமுன் தாளைப் படிப்பாராக.